எட்டுப் பேருக்கு ஒரு சட்டி

போன வாரம் அக்கா போன் செய்தாள். அவள் பையன் எட்டாவது படிக்கிறான். பள்ளியில் ஸ்கவுட்டில் சேர ஃபாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். "சனிக்கிழமை டியூஷன் இருக்குடா. அதை விட்டுட்டு இங்க போனா என்ன கிடைக்கும்? மார்க் போடுவாங்களா?" என்றாள். ரயில்வே வேலைக்கு உதவும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம், அது நிஜமா என்றும் கேட்டாள். ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. "போடுக்கா, நல்லதுதான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. ஏழாவதில் இருந்து இன்றுவரை ஏதோ ஒரு வகையில் அந்த ஸ்கவுட் ஸ்கார்ஃபோடு சுற்றிக்கொண்டிருக்கிற நான் சொல்வதற்கு இவ்வளவுதானா இருக்கிறது?

ரயில்வே கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நிஜம்தான், ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு என்று தனியாகக் கொஞ்சம் இடங்கள் உண்டு. ஆனால் ரொம்பக் கொஞ்சம். அதற்குக் குடியரசுத் தலைவர் விருது வரை போயிருக்க வேண்டும், அப்புறமும் இயக்கத்தில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். பிரவேஷ் என்ற முதல் படியில் ஆரம்பித்து பிரதம், துவிதீய, திரிதீய சோபான், அதற்கு மேல் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேல்தான் அந்த விருது. அந்த ஒரு வேலைக்காக எட்டாம் வகுப்புப் பையனைச் சேர்ப்பது, லாட்டரிச் சீட்டு வாங்கக் கடைத்தெருவுக்குக் குடிபோவது மாதிரி.

நான் 2002ல் சேர்ந்தேன். கும்பகோணத்தில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளி. சேவை மனப்பான்மையில் சேர்ந்தேன் என்று சொன்னால் பொய். சனிக்கிழமை மீட்டிங் முடிந்ததும் சுண்டல் கொடுப்பார்கள், அதற்காகச் சேர்ந்தேன். சாம்பல் சட்டை, கருநீல அரை டிரவுசர், தொப்பி, தோளில் தொங்கும் விசில் கயிறு எல்லாம் கூடுதல் ஆசை. ஓவிய ஆசிரியர்தான் ஸ்கவுட் மாஸ்டர். அதிகம் பேச மாட்டார். தினம் ஒரு நற்செயல் செய்து டைரியில் எழுத வேண்டும் என்பது விதி. நான் மூன்று நாள் தொடர்ந்து "பாட்டி ஒருவர் சாலையைக் கடக்க உதவினேன்" என்று எழுதிக் கொடுத்தேன். கீழே சிவப்பு மையில் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "அந்தப் பாட்டி தினமும் எங்கே போகிறார்?" இன்றைக்கும் ஆபீஸில் ஏதாவது ரிப்போர்ட்டைப் பூசி மெழுகலாம் என்று கை போகும்போது அந்தச் சிவப்பு மை கண்ணில் வந்து நிற்கும்.

அசல் பாடம் 2003 அரையாண்டு விடுமுறையில் அணைக்கரைப் பக்கம் நடந்த முகாமில் கிடைத்தது. எட்டாவதில் என்னை கருடன் அணிக்கு பேட்ரல் லீடர் ஆக்கியிருந்தார்கள். என்னோடு சேர்த்து எட்டுப் பேர். அரிசி, பருப்பு, காய் எல்லாம் அளந்து கொடுத்துவிடுவார்கள், அணி அணியாக அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாவற்றையும் நானே செய்தேன். லீடர் என்றால் முன்னால் நின்று செய்கிறவன் என்று ஒரு நினைப்பு. ஒருத்தனைத் தண்ணீருக்கு அனுப்பினேன், இன்னொருத்தனைப் பாத்திரம் கழுவச் சொன்னேன், மற்றவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மண்ணெண்ணெயும் பழைய பேப்பருமாக இரண்டு மணி நேரம் ஊதினேன். கண் சிவந்ததுதான் மிச்சம். அரிசி பாதி வெந்து பாதி நறுக் நறுக்கென்று இருந்தது. பக்கத்துக் கூடாரத்தில் இருந்து சாம்பார் வாசனை வேறு. சார் அந்தப் பக்கமாக டார்ச் லைட்டோடு வந்தார், சட்டிக்குள் எட்டிப் பார்த்தார், போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எட்டுப் பேரும் அந்தச் சோற்றைத்தான் தின்றோம்.

மறுநாள் காலை சார் என்னைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "பக்கத்து அணியில கொஞ்சம் நெருப்பு கேட்டியா?" இல்லை. "உன் அணியில அடுப்பு மூட்டத் தெரிஞ்சவன் யாருன்னு கேட்டியா?" அதுவும் இல்லை. போய்க் கேட்டால், நான் தண்ணீர் தூக்க அனுப்பிய பையன் இருக்கிறானே, அவன் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறவர், விறகு அவனுக்கு அத்துப்படி. "ஈரக் கட்டையைப் பொளந்தா உள்ள காஞ்சிருக்கும். அடியில பன்னாடையும் தேங்கா நாரும் வை. மிச்ச விறகை அடுப்பைச் சுத்தி அடுக்கு, அந்தச் சூட்டுலயே காஞ்சிடும்" என்றான். இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலையே" என்றான். கால் மணி நேரத்தில் உலை கொதித்தது.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால் யாருக்கு என்ன தெரியும் என்று கேள். இதை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பின்னாளில் ஆபீஸில் தலைமைப் பண்பு பற்றி ஒரு நாள் முழுக்க ஏசி ஹாலில் உட்காரவைத்துப் படம் காட்டினார்கள். அதையெல்லாம் அந்த நறுக் சோறு முன்னாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் எட்டுப் பேரும் எட்டுத் தெரு. ஊரில் எட்டுத் தெருவுக்கும் எட்டு டம்ளர் என்று சொன்னால் தெரிந்தவர்களுக்குப் புரியும். முகாமில் ஒரே சட்டி, ஒரே கரண்டி, ஒரே ஊறுகாய் பாட்டில் கை மாறிச் சுற்றி வரும். யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பசி பேசவிடவில்லை. வீட்டுக்கு வந்து, மூன்று நாளும் யார் சமைத்தான் என்று அம்மாவிடம் பேர் சொல்லிச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் "உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது காபி எந்த டம்ளரில் வரும் என்று வயிறு கலங்க உட்கார்ந்திருந்தேன். எங்கள் டம்ளரிலேயே வந்தது. இதை வைத்து ஊரே மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கள் சமையலறையில் ஒரு டம்ளர் மாறியது, அவ்வளவுதான்.

இந்தக் கலப்பு இயக்கத்தின் முதல் முகாமிலேயே இருந்தது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில், இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல் இருபது பையன்களை வைத்து நடத்திய முகாமில், பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் கலந்துதான் நான்கு அணிகளாகப் பிரித்தார். வேடிக்கை என்னவென்றால் அதே இயக்கம் இங்கே வந்தபோது இந்தியப் பையன்களுக்கு இடமில்லை. வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அதனால்தான் அன்னி பெசன்ட் 1916ல் சென்னையில் நம் பையன்களுக்கென்று தனிச் சங்கம் ஆரம்பித்தார், தொப்பிக்குப் பதில் தலைப்பாகை வைத்து. 1921ல் பேடன் பவல் இந்தியா வந்தபோதுதான் அது அவர்களுடைய இயக்கத்தோடு சேர்ந்தது. இப்போது இருக்கிற பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950 நவம்பர் 7ல் உருவானது. எங்கள் படையில், அதாவது சாரணர் குழுவில், புதிதாகச் சேரும் பையன்களுக்கு இந்தக் கதையை நான் கட்டாயம் சொல்வேன். யூனிஃபார்மைப் பார்த்து ஏதோ போலீஸ் வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

2004 மார்ச் 6, மகாமகம். 1992 மகாமகத்தில் நெரிசலில் இத்தனை பேர் செத்தார்கள் என்று ஊரில் எல்லா வீட்டிலும் பேச்சு இருந்ததால் அப்பா முதலில் விடவில்லை. குளப் படிக்கட்டுப் பக்கம் எங்களை நிறுத்த மாட்டார்கள் என்று சார் வீட்டுக்கே வந்து சொன்ன பிறகுதான் விட்டார். எங்களுக்குக் கிடைத்தது ரயில் நிலையத்தில் இருந்து குளத்துக்கு வரும் ஒரு தெருமுனை. தண்ணீர் கொடுப்பது, வழி சொல்வது. நான் குளத்தைச் சுற்றி இருக்கும் 16 மண்டபத்தையும், உள்ளே எந்தத் தீர்த்தம் எங்கே என்பதையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். காலையில் இருந்து ஒருத்தர்கூடத் தீர்த்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, பாத்ரூம் எங்க இருக்கு?" எனக்குத் தெரியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் புத்தி வந்து, இரண்டு பேரை அனுப்பித் தெருத் தெருவாகப் பார்த்து வரச் சொல்லி, ஒரு அட்டையில் படம் போட்டு மாட்டினோம். அதற்கப்புறம் தெருமுனையில் பாதிக் கூட்டம் எங்கள் அட்டையைத்தான் பார்த்தது. திருவிழாவோ மாநாடோ எங்கே பையன்களை நிறுத்தினாலும், முதல் அரை மணி நேரம் சுற்றி நடக்கவிட்டுக் கழிவறை, தண்ணீர், முதலுதவி, பஸ் நிற்கும் இடம், இந்த நாலையும் பார்த்து வரச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மதியம் ஒரு பாட்டி தொலைந்து போய் எங்களிடம் வந்து சேர்ந்தார். கூட வந்தவர்கள் பேர் சொல்லத் தெரிகிறது, வந்த பஸ் எதுவென்று தெரியவில்லை, அழுகை வேறு. ஊர் பேரைக் கேட்டால் ஒரு சின்னக் குக்கிராமத்தின் பேரைச் சொல்கிறார், அது எந்த ஜில்லா என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. அப்போது எங்கள் அணியில் ஏழாவது படிக்கிற பொடியன், "அண்ணே, அந்த மஞ்சப்பையைப் பாருங்க" என்றான். ஜவுளிக்கடைப் பை. கடைப் பேருக்குக் கீழே "முசிறி" என்று அச்சடித்திருந்தது. தஞ்சாவூர் ரோட்டில் போட்டிருந்த தற்காலிக பஸ் நிலையத்தில் முசிறிப் பக்கத்து வண்டிகளாகத் தேடிப் போனால், அங்கே பாட்டியின் மகன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டில் 24 பொருள்களை வைத்து ஒரு நிமிஷம் காட்டி மூடிவிட்டு, என்னென்ன பார்த்தாய் என்று எழுதச் சொல்லும் விளையாட்டு ஒன்றை மாதம் தவறாமல் விளையாடுவோம். அந்தப் பொடியன்தான் எப்போதும் அதில் முதல். சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். (அடுத்த மகாமகம் 2016ல் பிப்ரவரி 22 அன்று வந்தது. அது பேடன் பவல் பிறந்தநாள், சாரணர்களுக்குச் சிந்தனை நாள். அந்தத் தடவை நான் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனேன், அட்டையில் கழிவறை படத்தை முதல் நாளே வரைந்துவிட்டோம்.)

சரி, எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும், ஏழு நாள் கிராம முகாம் ஒன்று போக வேண்டும். போன கிராமத்தில் முதல் நாளே ரோட்டோரம் வரிசையாக மரக்கன்று நட்டோம், பேனர் பிடித்துப் படம் எடுத்தோம். வேலி கிடையாது. ஒரு அம்மா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "நட்டுட்டுப் போயிருவீங்க தம்பி, தண்ணி யாரு ஊத்துறது?" என்றார். நாங்கள் சிரித்து மழுப்பினோம். முகாம் முடிவதற்குள்ளேயே அவருடைய ஆடுகள் பாதியைத் தின்று தீர்த்துவிட்டன. ஆட்டைக் குற்றம் சொல்ல முடியுமா? நான்காம் நாள் எங்களில் இரண்டு பேர் வெட்கப்பட்டுக்கொண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்து, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்கள். வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றார்கள். மிச்ச மூன்று நாளும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டோம். கை எல்லாம் கொப்புளம். ஏழு நாளில் உருப்படியான வேலை அந்த மூன்று நாள் வேலைதான். அதற்கு ஒரு படம்கூட இல்லை.

இதே பாடத்தைப் பத்து வருஷம் கழித்துப் பெரிய அளவில் பார்த்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. நாலு நாள் கழித்து, கல்லூரியில் படிக்கும் திரி சாரணர் (வயதில் மூத்த சாரணர்கள்) பன்னிரண்டு பேரோடு உள்ளடங்கிய ஒரு கிராமத்துக்குப் போனோம். பள்ளிப் பையன்களைக் கூட்டிப் போகவில்லை, அவர்களுக்குப் பள்ளியிலேயே பொருள் பிரித்துக் கட்டும் வேலை கொடுத்தோம். மின்கம்பி அறுந்து கிடக்கும் இடத்துக்கு பதினாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போவது சேவை ஆகாது, அதில் நான் பிடிவாதம். கிராமத்து முகப்பில் ஒரு திண்ணை முழுக்கப் பழைய துணி மலையாகக் குவிந்து மழையில் ஊறிக் கிடந்தது. யாரோ அன்பாக அனுப்பியதுதான். அங்கே வேண்டியிருந்ததோ தார்ப்பாய், கொசுவத்தி, மெழுகுவத்தி, நாப்கின், விழுந்து கிடக்கும் தென்னையை அறுக்க ரம்பம். எங்கள் பிள்ளைகள் வந்ததும் வராததுமாக எதையும் கொடுக்கவில்லை, இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து வீடு வீடாகப் போய் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். நாப்கின் விஷயம், கூட வந்த இரண்டு பெண்கள் கேட்டதால்தான் தெரிந்தது. எங்களிடம் யாரும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள். பையன்கள் மட்டும் போகும் குழுக்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த லிஸ்டில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது: போன் சார்ஜ். வெளியூரில் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வழியில்லாமல் நாலு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்கல் படிக்கும் ஒரு பையன், ஊரில் இருந்த டிராக்டர் பேட்டரியில் ஒரு இன்வெர்ட்டரை மாட்டி உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம்வரை அவன் முன்னால் வரிசை. அந்த வரிசையில் ஒரு பெரியவர் போனை காதில் வைத்து "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டே அழுததை அவன் இன்னும் பேசுவான்.

முதலுதவியைப் பற்றி ஒன்று. எங்கள் காலத்தில் பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு என்று சொல்லித்தான் ஸ்கார்ஃபைக் கட்டப் பழக்கினார்கள். இப்போது அது தவறு என்கிறார்கள். இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாய் வைத்து உறிஞ்சக்கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்கவிடாமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். டெல்டாவில் அறுவடைக் காலத்தில் இது வெறும் பாடம் இல்லை. எங்கள் படையில் ஒன்பதாவது படித்த ஒரு பையன், வயலில் பக்கத்து வீட்டுக்காரரைப் பாம்பு கடித்தபோது பெரியவர்கள் பிளேடு எடுக்கப் போனதைத் தடுத்து, 108க்கு போன் செய்து, வண்டி வரும்வரை அவரை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரியவர்கள் நடுவில் "வேண்டாம்" என்று சொல்ல எங்கிருந்து தைரியம் வந்தது என்று கேட்டேன். "நான் சொல்லல சார், விசில் அடிச்சேன். எல்லாரும் திரும்பினாங்க, அப்புறம் சொன்னேன்" என்றான்.

அக்கா, இப்போது உனக்குக் கையெழுத்து விஷயம். எல்லாப் பள்ளியிலும் இது இப்படி நடக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். சில இடங்களில் படை என்பது பேப்பரில் மட்டும் இருக்கும். அமைச்சர் வந்தால் வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க வைப்பார்கள், பூங்கொத்து தூக்கவிடுவார்கள், வருஷக் கடைசியில் சான்றிதழ் வந்துவிடும். அதில் சேர்ப்பதற்கு டியூஷனே மேல். பள்ளிக்குப் போய் மூன்று கேள்வி கேள். வாராவாரம் மீட்டிங் நடக்கிறதா? கடைசியாக ராத்திரி தங்கும் முகாம் எப்போது போனார்கள்? அங்கே சமைத்தது யார்? மூன்றாவதற்கு "கேட்டரிங் சொல்லிவிட்டோம்" என்று பதில் வந்தால் யோசித்துக்கொள். முகாமுக்கு எத்தனை பெரியவர்கள் கூடப் போகிறார்கள், பெண் பிள்ளைகள் போனால் சாரணியர் பொறுப்பாளரான கைட் கேப்டன் கூடத் தங்குகிறாரா என்பதையும் தயங்காமல் கேள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற பள்ளி என்றால் அனுப்பாதே.

சேர்த்துவிட்டால் பையில் அதிகம் திணிக்காதே. போர்வை, டார்ச், தட்டு, டம்ளர், மாற்றுத் துணி, குடை போதும். முறுக்கு டப்பா கொடுத்தால் எட்டுப் பேருக்குக் கொடு, இல்லையென்றால் கொடுக்கவே வேண்டாம். போன் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று தடவை சாருக்கு போன் செய்து "சாப்பிட்டானா" என்று கேட்காதே. அவன் ஒரு வேளை சரியாகச் சாப்பிடாமல் போகலாம், போகட்டும். திரும்பி வந்ததும் "என்ன பரிசு வாங்கினே" என்று கேட்பதற்கு முன்னால் யார் யாரோடு தங்கினான், என்ன சமைத்தார்கள் என்று கேள். 2025 ஜனவரிக் கடைசியில் மணப்பாறையில் நடந்த வைர விழா ஜாம்போரி என்ற பெரிய சாரணர் முகாமுக்கு எங்கள் பையன்கள் சிலர் போய் வந்தார்கள். பேட்ஜைக் காட்டுவதற்கு முன்னால், வெளிமாநிலப் பையன்கள் நம் ரசத்தைக் குடித்துவிட்டு எப்படி முழித்தார்கள் என்பதைத்தான் ஒரு வாரம் நடித்துக் காட்டினார்கள்.

இவ்வளவையும் எழுதி அக்காவுக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். அதற்குள் நேற்று அவளே ஒரு படம் அனுப்பினாள். கையெழுத்துப் போட்டுவிட்டாளாம், முதல் மீட்டிங்கும் முடிந்துவிட்டதாம். படத்தில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி. மருமகன் அவிழ்த்துப் புதிதாகக் கட்டியிருக்கிறான். கீழே அக்காவின் குரல் செய்தி: "என்னமோ கிளோவ் ஹிச் முடிச்சாம்டா, ஒரு மணி நேரம் கட்டினான். உங்க மாமாவோட வேட்டியைப் போட்டேன், மொத்தமா கீழ வந்துருச்சு." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது சுற்றைத் தப்பான பக்கம் விட்டிருக்கிறான். நான் சொல்லவில்லை. வேட்டி இன்னொரு தடவை விழட்டும்.